குளிர்காலத்துக்கு ஒன்பது பேர்

ஆரணியில் என்னை மிலிட்டரிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அழைப்பு வரும். "சண்டையப் பத்தி ரெண்டு வார்த்த பேசுங்க சார், பசங்க ஆசப்படறாங்க" என்பார் தலைமையாசிரியர். நான் குளிரைப் பற்றிப் பேசுவேன். பாட்டிலுக்குள்ளேயே தண்ணீர் கல்லாகிவிடும் என்று சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அப்புறம் மிட்டாய் வந்துவிடும். அதற்கு மேல் யாரும் என்னைக் கேட்டதில்லை.

இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் எந்த மனிதனையும் குறிபார்த்துச் சுட்டதில்லை. நான் கிளார்க். எங்களுடையது சமணக் குடும்பம், தெள்ளார் பக்கத்தில் நிலபுலம் வைத்திருந்தவர்கள். ஆள்சேர்ப்பு நடந்த இடத்துக்கு என் அப்பாவும் கூடவே வந்தார். "எழுத்து வேலதானேங்க? யாரையும் கொல்ல வேணாமில்ல?" என்று அங்கிருந்த அதிகாரியிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் என்னை விட்டுவிட்டு பஸ் ஏறினார். அதிகாரி சிரித்தார். ஆனால் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒருவிதத்தில் காப்பாற்றப்பட்டது. ஒரு போர் முழுவதையும் நான் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

மலை எல்லையில் நடந்த போர் அது. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. நான் அப்போது ஹவில்தார். ஒரு தலைமையகத்தில், உளவுப் பிரிவில் வேலை. உளவு என்றதும் ஊரில் எல்லோருக்கும் சினிமாதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் பிரிவு ஒரு நீண்ட தகரக் கொட்டகை. ஒரு பக்கம் வரைபடங்கள், நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு, மறுபக்கம் ஒயர்லெஸ் பெட்டிகள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாலைந்து பேர் எதிர்ப்பக்கத்துப் பேச்சைக் கேட்டு எழுதுவார்கள். அவர்கள் கிறுக்கிக் கொடுக்கும் துண்டுத்தாள்களை வரிசைப்படுத்தி, நேரம் போட்டு, டைப் அடித்து மேஜரின் மேஜைக்குக் கொண்டுபோவது என் வேலை. போர் நடந்த மாதங்களில் மொத்தம் முப்பத்தொரு பேர் அந்தக் கொட்டகையை நம்பி இருந்தோம்.

சண்டை நின்றுவிட்டது என்று ஒருநாள் காலையில் செய்தி வந்தது. பீரங்கிச் சத்தம் ஓய்ந்ததும் காதுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் மிச்சமிருந்தது. வெளியே காலாட்படைப் பையன்கள் தட்டுகளைத் தட்டிக்கொண்டு ஆடினார்கள். எங்கள் கொட்டகையில் யாரும் ஆடவில்லை. மூன்று பேர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார்கள்.

எங்களுக்கு வேலை அதற்கப்புறம்தான் கூடியது. மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அடுத்த ஆறு மாதங்களுக்கு எதிர்ப்பக்கத்தைப் பற்றி என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு எங்கெங்கே எத்தனை பேர் வேண்டும் என்று பத்து நாளில் திட்டம் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எங்கள் மேஜர் வடக்கத்திக்காரர், மெலிந்த மனிதர், எப்போதும் இருமிக்கொண்டே இருப்பார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"முதலில் கேள்விகளை எழுது. ஆட்களை அப்புறம் எழுதலாம்" என்றார்.

நாலு நாள் கேள்விகளாகவே எழுதினோம். எந்தப் பாதை எப்போது பனியில் மூடும்? அவர்கள் பங்கர்களைப் பிரிக்கிறார்களா, பழுது பார்க்கிறார்களா? அரிசியும் எண்ணெயும் எந்த வழியாக வருகின்றன? இப்படிப் பதினேழு கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அதைக் கவனிக்க எத்தனை பேர், எந்த இடத்தில், எந்த மொழி தெரிந்தவர் என்று குறித்தோம். எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் இருபத்திரண்டு பேருக்குக் கீழே குறையவில்லை. ஐந்தாம் நாள் மேலிடத்திலிருந்து போன் வந்தது. மேஜர் கேட்டுக்கொண்டார், சரி என்றார், வைத்தார்.

"ஒன்பது பேர்" என்றார் என்னிடம். "மற்றவர்களுக்குப் போர் முடிந்துவிட்டதாம்."

பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, நாங்கள் எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார். அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கேள்வியையும் ஒருமுறை சத்தமாகப் படித்தார். எனக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அடுப்பைத் தூண்டிவிடுகிற சாக்கில் எழுந்து போனேன்.

மாஸ்டர்ஜியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் ராணுவத்தைச் சேர்ந்தவர் இல்லை. கீழே ஒரு மலைக்கிராமத்தில் தொடக்கப்பள்ளி வாத்தியார். எல்லைக்கு அந்தப் பக்கம் பேசுகிற மலைமொழிதான் அவர் அம்மாவுக்குத் தாய்மொழி. போர் தொடங்கியதும் எங்கள் மேஜர் ஜீப்பை அனுப்பி அவரை வரவழைத்துவிட்டார். தற்காலிக மொழிபெயர்ப்பாளர் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்காலைத் தொடும் கம்பளிக்கோட்டும் ஒரு பக்கம் உடைந்த மூக்குக்கண்ணாடியுமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பரீட்சை அறையில் கண்காணிக்கிறவர் மாதிரி இருப்பார்.

விளக்கு வைப்பதற்கு முன்னால் சாப்பிட்டு முடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அங்கே நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும் என்பதால் நாலு மணிக்கே தட்டை எடுத்துக்கொண்டு ஒதுங்குவேன். எல்லோரும் கேலி செய்தார்கள். மாஸ்டர்ஜி மட்டும் தன் டீயை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். உப்புப் போட்ட டீ. முதல் வாயில் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. நான் என் ஊரைப் பற்றிச் சொல்வேன். வேலூர் ஆஸ்பத்திரியை அவர் கேள்விப்பட்டிருந்தார், ஆரணியை இல்லை. "வேலூரிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்" என்று சொல்லிவைத்தேன். அவருக்கு நாலு வயதில் ஒரு மகள். தான் எங்கே வேலை செய்கிறோம் என்று வீட்டில் சொல்லக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் மகளிடம் பட்டணத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சண்டை நின்ற இரண்டாம் வாரம், ஒருநாள் மத்தியானம், எதிர்ப்பக்கத்து ஒயர்லெஸ்ஸில் திடீரென்று பேச்சு அதிகமானது. அப்போது ஹெட்போனில் இருந்தவர் எங்கள் சிப்பாய் ஒருவர். அதே வட்டாரத்துக்காரர், மொழி ஓரளவு தெரியும். அவர் அவசரமாக எழுதிக் கொடுத்த தாளில், 'ஏறுகிறார்கள். இன்று இருட்டுவதற்குள் நாற்பது' என்று இருந்தது. நாற்பது பேர் எங்கள் ஆட்கள் இருந்த சிகரத்தை நோக்கி ஏறி வருகிறார்கள் என்றால் சமாதானம் முறிந்தது என்று அர்த்தம். மேஜர் போனைக் கையில் எடுத்துவிட்டார். பீரங்கிப் படைக்குச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம் போதும்.

மாஸ்டர்ஜி அப்போது வெளியே தன் கம்பளிக்கோட்டைத் தட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அவர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மேஜர் போனைக் காதில் வைத்தபடியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுவதற்கும் ஏற்றுவதற்கும் அவர்களிடம் ஒரே சொல்தான் சாப்" என்றார் மாஸ்டர்ஜி. "நாற்பது ஆள் இல்லை. நாற்பது மூட்டை. கோவேறு கழுதைகள்மேல் ஏற்றுகிறார்கள். கீழே இறங்கப்போகிறார்கள்."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"ஒருத்தன் கழுதையைத் திட்டுகிறான். சண்டைக்கு வருகிறவன் கழுதையைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டான்."

மேஜர் போனை வைத்தார். மறுநாள் விடிந்ததும் முன்னணிக் காவல் நிலையிலிருந்து தகவல் வந்தது. மூட்டை ஏற்றிய கழுதைகள் வரிசையாகப் பள்ளத்தில் இறங்கிப் போகின்றன என்று. அதை நான் டைப் அடித்தேன். ஒரே ஒரு வரி. அதற்குப் பதிலாக வேறு எது எதுவோ நடந்திருக்கலாம் என்பது அந்தக் கோப்பில் எங்கும் இல்லை.

இதற்குப் பிறகும் ஒன்பது பேரின் பெயர்ப்பட்டியல் பாக்கி இருந்தது. எட்டு இடத்தை மேஜர் நிரப்பிவிட்டார். ஒன்பதாவது, மொழிபெயர்ப்பாளர். இரண்டு வழி இருந்தது. அந்தச் சிப்பாயின் பெயரைப் போட்டால் பட்டியல் அன்றைக்கே போய்விடும், அவர் நிரந்தர ஆள். மாஸ்டர்ஜியை வைத்துக்கொள்வதென்றால் தனியாக ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். ஏன் இவர்தான் வேண்டும், ஏன் வேறு ஆள் உதவாது என்று இரண்டு மூன்று பக்கம், நாலு பிரதி. பதில் வரும்வரை பட்டியல் நிற்கும். பட்டியல் போய்ச் சேரும்வரை யாருக்கும் லீவு கிடையாது.

மேஜர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். கம்பளிக்குள்ளிருந்தே சொன்னார். "மாஸ்டரையே வைத்துக்கொள்ளலாம். நீ அவரோடு பழகியவன், கடிதத்தை நீயே எழுது. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்."

நான் தாளை மாட்டினேன். முகவரியை அடித்தேன். பொருள் என்ற இடத்தில் வந்து நின்றேன்.

பதினாலு மாதமாக நான் ஊருக்குப் போகவில்லை. என் இரண்டாவது மகள் பிறந்து எட்டு மாதம், அவள் முகத்தைப் பார்த்ததில்லை. போர் தொடங்கியதிலிருந்து தொடர்ந்து நாலு மணி நேரம் நான் தூங்கியதில்லை. விரல் நுனிகள் வெடித்து, ஒவ்வொரு எழுத்தை அழுத்தும்போதும் வலித்தது. இதையெல்லாம் இப்போது காரணமாக அடுக்குகிறேன். அப்போது இவ்வளவு யோசிக்கவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். தாளை உருவிவிட்டு வேறு தாள் மாட்டினேன். பட்டியலை அடித்தேன். ஒன்பதாவது வரியில் சிப்பாயின் பெயர் இருந்தது.

"தற்காலிக ஆளுக்கு அனுமதி வராது சார். எப்படியும் திருப்பி அனுப்புவார்கள்" என்றேன் மேஜரிடம். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாஸ்டர்ஜியிடம் நான் சொன்னது, "மேலிடத்தில் ஆளைக் குறைத்துவிட்டார்கள்." அது பொய்யில்லை. அதற்காகவே அந்த வாக்கியத்தை நான் இரண்டு நாள் தேடினேன்.

அவர் ஆட்சேபிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "ஐந்து மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். இங்கே வேலை செய்தேன் என்று ஒரு தாள் கிடைக்குமா?"

கிடைக்காது. எங்கள் கொட்டகையில் வேலை பார்த்ததாக வெளியாள் எவருக்கும் காகிதம் தருவதில்லை. மேஜர் முடியாது என்று தலையாட்டினார். எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. சுமை தூக்கவும் சமையற்கூடத்துக்கும் வந்த உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுக்க அச்சடித்த சான்றிதழ் நிர்வாகப் பிரிவில் கட்டுக்கட்டாக இருந்தது. அதில் ஒன்றை வாங்கி வந்தேன். அவர் பெயர், ஊர், வந்த தேதி, போன தேதி எல்லாம் எழுதினேன். பணி என்ற இடத்தில் 'சமையற்கூட உதவியாள்' என்று எழுதி, அதிகாரிக்காக என்று கீழே என் கையெழுத்தைப் போட்டேன். எழுதும்போது அப்பாவின் ஞாபகம் வந்தது. கொல்ல வேண்டாமே என்று கேட்டவர், பொய் எழுத வேண்டாமே என்று கேட்க மறந்துவிட்டார்.

மாஸ்டர்ஜி தாளை வாங்கி, வாத்தியார் பழக்கத்தில், மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் படித்தார். தன் கிராமத்தின் பெயரில் நான் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதியிருந்ததைக் காட்டினார். திருத்திக் கொடுத்தேன். பணி என்ற இடத்துக்கு வந்தபோது விரல் நின்றது. கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். ரேஷன் லாரி ஒன்று கீழே போனது, அதில் ஏறிப் போனார்.

நான் அதற்கு ஆறாம் நாள் ஆரணிக்கு வந்து சேர்ந்தேன். தெருவில் மாலை போட்டார்கள். ஒரு சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். சின்ன மகள் என்னைப் பார்த்ததும் அலறி அவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். லீவு முழுக்க நான் தூங்கினேன். சாப்பிட எழுப்பினால் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினேன். "இன்னாங்க இது, ஒடம்புக்கு எதனா கீதா? டாக்டராண்ட போலாமா?" என்று என் மனைவி பயந்துவிட்டாள். அசதி என்றேன். எதனால் அசதி என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்ற விதி எனக்கு அப்போது ரொம்ப சௌகரியமாக இருந்தது.

அப்புறம் எத்தனையோ ஊர்களுக்கு மாற்றலானேன். சுபேதாராக ஓய்வு பெற்றேன். இரண்டு மகள்களுக்கும் கல்யாணமாகிவிட்டது. வீட்டில் நானும் மனைவியும்தான். அவள் பட்டுப்புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். நான் கடைக்குப் போவேன், பேப்பர் படிப்பேன், சாயங்காலம் கோயிலுக்குப் போய் வருவேன்.

போன வருஷம் ஒரு காலை நேரம். மனைவி தைத்துக்கொண்டிருந்தவள் என் போனை எடுத்து நீட்டினாள். "யாரோ மிலிட்டரி ஆளுங்களாம். உங்க பேரச் சொல்லி கேட்டுகினு இருக்காரு."

பேசியவர் வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டியாக இருப்பவர். "வணக்கம் சார், நான் கண்ணமங்கலம். நானும் எக்ஸ் சர்வீஸ்தான். இங்க வடக்கேர்ந்து ஒரு பேஷண்ட் வந்துகீறாரு சார், வயசானவரு. கூட அவர் பொண்ணு. ஒரு பழைய சர்ட்டிபிகேட்ட வெச்சிகினு, இதுல கையெழுத்து போட்டவரு ஆரணிதான், அவர பாக்கணும்னு மூணு நாளா என்ன கேட்டுகினே இருக்குது அந்தப் பொண்ணு. நம்ம சங்கத்துல விசாரிச்சி உங்க நம்பர் வாங்கினேன். சமையல்காரராம் சார். உங்களுக்கு ஞாபகம் கீதா?"

சமையல்காரர் என்றதும் எனக்கு யாரும் ஞாபகம் வரவில்லை. அடுத்த நொடியே எல்லாம் ஞாபகம் வந்தது.

"வரேன்னு சொல்லுங்க" என்றேன்.

"யாருங்க?" என்றாள் மனைவி.

"கூட வேல பாத்தவரு."

"அப்ப வெறுங்கையோட போவாதீங்க" என்று ஓடிப்போய் ஒரு டப்பாவில் இட்லியும், நல்லெண்ணெயில் குழைத்த பொடியும் வைத்துக் கொடுத்தாள். வேலூர் பஸ் அன்றைக்கென்று எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. கண்ணமங்கலத்தில் பத்து நிமிஷம் எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். இறங்கவில்லை. இறங்க வேண்டுமென்றால் பக்கத்து சீட்டுக்காரரை எழுப்ப வேண்டும்.

அவர்கள் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்கள். இரண்டு நாளில் வயிற்றில் ஆபரேஷன். மாஸ்டர்ஜி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். கண்ணாடி மட்டும் புதுசு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் உடம்பைப் பற்றியே பேசினோம், அவருக்கு வயிறு, எனக்கு முழங்கால். என் இந்தி துருப்பிடித்திருந்தது. நான் ஆண்பால் பெண்பாலை மாற்றிச் சொன்னதை அவர் நடுநடுவே திருத்தினார்.

மகள் மருந்து வாங்கக் கீழே போனாள். இருபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும், அமைதியான பெண். அவள் போனதும் நான் கேட்டேன். "பள்ளிக்கூடத்தில் அந்தத் தாளை ஒத்துக்கொண்டார்களா?"

"பாத்திரம் கழுவுவதற்காகவா பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டார்கள். இரண்டு வருஷம் வேலை இல்லை. அப்புறம் தூரத்து மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டார்கள்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனால் ஊரில் சிலர் நான் ராணுவத்துக்குத் துப்பு சொல்லப் போனதாகப் பேசினார்கள். ஒருநாள் நாலைந்து பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அந்தத் தாளைக் காட்டினேன். வாத்தியார் ரொட்டி சுடப் போயிருக்கிறார் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பிறகு யாரும் வரவில்லை."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்பதாவது பெயரைப் பற்றிச் சொன்னேன். மேஜர் உங்களைத்தான் வைத்துக்கொள்ளச் சொன்னார், கடிதத்தை என்னைத்தான் எழுதச் சொன்னார், நான் எழுதவில்லை, லீவு வேண்டியிருந்தது என்று இந்தியில் எனக்குத் தெரிந்த வார்த்தைகளைக் கோத்து எல்லாவற்றையும் சொன்னேன். அனுமதி எப்படியும் வந்திருக்காது என்றும் கடைசியில் சேர்த்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் சவாரிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தையும் புரியாவிட்டாலும் அவர் காது அந்தப் பக்கமே இருந்தது.

"எழுதியிருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். கோபம் இல்லை. பிள்ளையின் நோட்டில் விட்டுப்போன கணக்கைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். நான் தலையை ஆட்டினேன். மகள் திரும்பி வந்தாள். டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அவரால் அரை இட்லிதான் சாப்பிட முடிந்தது. மகள் மிச்சத்தை விரும்பிச் சாப்பிட்டாள், பொடி காரமாக இருக்கிறது என்று சிரித்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரை அவள் கூட வந்தாள். வழியில் கேட்டாள். "அப்பா உங்களிடம் என்ன சமையல் செய்தார்?"

நான் காலி டப்பாவை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவருக்கு டீ போடக்கூடத் தெரியாது" என்றாள். "அம்மா இறந்த பிறகு வீட்டில் நான்தான் சமைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னைச் சமையல்காரன் மகள் என்று கேலி செய்வார்கள். நான் அப்பாவிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். வாயே திறப்பதில்லை. உங்களைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்றுதான் அந்த செக்யூரிட்டிக்காரரை அத்தனை தொந்தரவு செய்தேன்."

நானும்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு தூண் ஓரமாக நின்றேன்.

"சமைக்கவே இல்லை அம்மா" என்றேன். "அவர் செய்தது படித்த மனிதர் செய்கிற வேலை. எங்களில் வேறு யாராலும் முடியாத வேலை. ஒருநாள் அவர் சொன்ன ஒரு வார்த்தையால் நிறையப் பேர் சாகாமல் வீட்டுக்குப் போனார்கள். இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி. அதற்கு மேல் என்னைக் கேட்காதே."

அவள் கேட்கவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தாளில் ஏன் அப்படி எழுதினீர்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

"வேறு தாள் எங்களிடம் இல்லை" என்றேன். அதுவும் பாதி உண்மைதான். ஆரணி பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அவள் கூட்டத்துக்குள் நின்று பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர்கள் வேலூரில் இருந்த ஒரு மாதத்தில் நான் இன்னும் மூன்று தடவை போனேன். இரண்டு தடவை மனைவியும் வந்தாள். அவளுக்கு இந்தி தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஏதோ சைகையில் பேசிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் வந்தார்கள். மாஸ்டர்ஜியும் நானும் பழைய கதை எதையும் தொடவில்லை. அவர் தூங்குவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பிறகு நானும் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவேன். காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டோம். மகள் ஜன்னல் வழியாக என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

ரயில் போன பிறகு மனைவி கேட்டாள். "சமையல்காரருன்னு சொன்னாங்க. ஆனா அவரு பேசறதப் பாத்தா அப்பிடித் தெரியலியே. நெசமா இன்னா வேல பாத்தாரு? நீங்க இன்னா வேல பாத்தீங்க அங்க?"

பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னேன். கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து. ஒன்பது பேர் கதையை, எழுதாத கடிதத்தை, லீவில் வந்து தூங்கிக்கொண்டே இருந்ததை.

"சின்னது பொறந்து உங்கள பாக்காம நான்தான் ஜல்தி வாங்க ஜல்தி வாங்கன்னு போன்ல அழுதுகினே இருந்தேன்" என்றாள் கடைசியில். "அதுக்கோசரம் நீங்க இப்பிடி பண்ணுவீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"உன்னச் சொல்லல" என்றேன்.

"தெரியுது" என்றாள். எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க என் கையின்மேல் கை வைத்திருந்தாள், முகம் மட்டும் ஜன்னல் பக்கம் இருந்தது.

தங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண் போன் செய்தாள். அப்பா கொஞ்சம் நடக்கிறார் என்றாள். போனை அவரிடம் கொடுத்தாள். இரைச்சலுக்கு நடுவே அவர் ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் புரியவில்லை. சரி சரி என்றேன். நல்லா இருங்க என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மனைவி ஊசியில் நூலைக் கோத்தபடி சொன்னாள். "அங்க இப்ப பனி கொட்டிகினு இருக்கும். டவர் எடுக்காது. வெயில் காலம் வரட்டும், போட்டுப் பாக்கலாம்."

வெயில் காலத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.